பந்து நான் இல்லை

உம்மு கஸப்
9 நவம்பர் 1995

தம்பி ஸக்லூலுக்கு,

ஸலாம். நலமா என்று கேட்கப் போவதில்லை. தல் ஹமாம் சந்தையில் ஒலிபெருக்கி கட்டி நீ நலமாக இருப்பது ஏரி தாண்டி எங்கள் தீவு வரை கேட்கிறது.

தோணிக்கார இத்ரீஸ் மாமா இதைக் கொண்டுவருவார். பதில் எழுதினால் அவரிடமே கொடு. நீ இங்கே வர முடியாது, நானும் அங்கே வர முடியாது. போன வாரம் நீ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன பிறகு உன் மச்சான் என்ன சொன்னார் என்று உனக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. "அவன் இந்த வாசப்படிய மிதிச்சாலும் சரி, நீ அவன் வாசப்படிய மிதிச்சாலும் சரி, நீ எனக்குத் தலாக்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகமே செத்துவிட்டது.

இந்த ஊர் ஆண்கள் மீன் விலை பேசும்போதுகூட தலாக் மேல் சத்தியம் வைப்பவர்கள்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது. ஒன்று பக்கத்து வீட்டு வாத்து விஷயத்தில், இன்னொன்று உன் மேட்ச் நடந்த அன்று நான் ரேடியோவை அணைக்காத விஷயத்தில். இரண்டு முறையும் ஷேக் வந்து எங்களைச் சேர்த்துவைத்தார். மூன்றாவதும் விழுந்தால் எந்த ஷேக்காலும் சேர்த்துவைக்க முடியாது. ஐந்து பிள்ளை பெற்றவள் நான். திரும்பிப் போக நமக்கு அப்பா வீடும் இல்லை. அதனால் தயவுசெய்து வீராப்பாக வந்து நிற்காதே.

நீ செய்தது சரியா, நீயே சொல். வந்து உட்கார்ந்தாய், நான் பொரித்த மீனைச் சாப்பிட்டாய், கை கழுவியதும், "மச்சான், இந்தத் தேர்தல்லேர்ந்து நீங்க விலகிக்குங்க, பந்துச் சின்னம் எனக்குத்தான் சேரணும்" என்றாய். உன் மச்சான் பிச்சையாக வாங்கியதா அந்தச் சின்னம்? மனு கொடுக்கும் முதல் நாள் விடியுமுன்னே போய் வரிசையில் நின்றார். ஒட்டகம் ஆளுங்கட்சிக்குப் போனது, அடுத்தது பந்து, அது இவருக்கு வந்தது. நீ கடைசி நாள் மத்தியானம் மேளம் கொட்டிக்கொண்டு போனாய். மிச்சம் இருந்ததைக் கொடுத்தார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். "உங்கள இந்த ஏரியத் தாண்டி யாருக்குத் தெரியும்" என்று கேட்டாயே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ஏரியைத் தாண்டி யாருக்கும் தெரிய வேண்டும் என்று அவர் நிற்கவில்லை. ஹாஜி ஷஹாவி வடக்கு மூலையில் மண்கரை போட்டு, பாதி ஏரியைத் தன் மீன்பண்ணையாக்கப் பார்க்கிறார். ஒட்டகச் சின்னத்தில் நிற்பதும் அவரேதான். அவர் நாடாளுமன்ற மெம்பர் ஆனால் மீதிக் கரையையும் போட்டு முடித்துவிடுவார், அதற்கப்புறம் இங்கே அறுபது தோணி குப்புறக் கிடக்கும். அதற்காகத்தான் எல்லோருமாகச் சேர்ந்து உன் மச்சானைப் பிடித்துத் தள்ளினார்கள். மேடையில் பேசச் சொன்னால் இப்போதும் அவருக்குக் கால் நடுங்குகிறது.

அவரை விலகச் சொல்லி நான் பேசமாட்டேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

அக்கா
ஸனிய்யா


தல் ஹமாம்
11 நவம்பர் 1995

அன்பு அக்காவுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படி ஏறினால் சத்தம் போடுகிறது. கேட்டதற்கு நன்றி.

மச்சானிடம் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். பதினாறு வருஷம் நான் என்ன செய்தேன்? பந்துதான் உதைத்தேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது. கஸப்ளாங்காவில் அந்தக் கோலை அடித்த அன்று, நம் ஊர்க்காரர்கள் விடியும்வரை தூங்கவில்லை என்று நீயே எழுதினாய். அப்படிப்பட்டவனுக்கு அதிகாரி என்ன சின்னம் கொடுத்தார் தெரியுமா? குடை. வருஷத்தில் நாலு நாள் மழை பெய்கிற நாட்டில் குடை. நான் தங்கியிருக்கும் காப்பிக்கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "காப்டன், மேகம் கறுக்குது, உங்க காலம்தான்" என்கிறார்.

நான் ஏன் நிற்கிறேன் என்று நீ கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. மைதானத்தை விட்டு வந்த பிறகு இரண்டு வருஷம் சும்மா இருந்தேன் அக்கா. கெய்ரோவில் காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடம் கிடையாது. தொலைபேசி அடித்தால் பழைய கதை சொல்ல ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். அப்போதுதான் தல் ஹமாமிலிருந்து நாலு பேர் வந்து நிற்கச் சொன்னார்கள். ஏதோ ஒன்றுக்குப் பயன்படுவேன் என்று நினைத்தேன். அது தப்பா?

மெம்பர் ஆனதும் உங்கள் மண்கரையைப் பற்றியும் பேசுகிறேன். இதை மச்சானிடம் சொல். இங்கே எங்கே போனாலும் கூட்டம் தோளில் தூக்குகிறது. நேற்று ஒரு கிழவர் என் காலைத் தொட்டுப் பார்த்தார். மச்சானுக்கு இருநூறு ஓட்டு விழுமா? அந்த இருநூறுக்காக ஒரு பந்தை வீணாக்குவானேன்?

தம்பி
ஸக்லூல்


உம்மு கஸப்
20 நவம்பர் 1995

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து நாலு நாள் கோபமாக இருந்தேன், அப்புறம் நாலு நாள் அழுதேன். காலையில் எழுந்தால் போக இடமில்லை என்று எழுதினாயே, அதற்குத்தான். ஒரு வார்த்தை எனக்கு எழுதியிருந்தால் இங்கே வந்து வலை பின்னச் சொல்லியிருப்பேன்.

இப்போது சொல்லப்போவதை என் புருஷனுக்குத் துரோகம் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள். நீயும் என் ரத்தம்தானே, சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் ஆட்கள் இந்தத் தீவு முழுக்க உன் சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் நீ என்ன செய்கிறாய்? காலைத் தூக்கிப் பந்தை உதைக்கிறாய். ஆள் உயரப் படம், பூசணிக்காய் அளவு பந்து. உன் குடை எங்கே என்று தேடினேன். கீழ் மூலையில், அச்சகத்துக்காரர் பேருக்குப் பக்கத்தில், ஒரு காளானைப் போல இருந்தது.

எங்கள் தெரு உம்மு ஃபவ்ஸிக்குப் படிக்கத் தெரியாது. தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. நேற்று ரொட்டி அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாத ஸனிய்யா, உன் தம்பிக்குத்தான் போடுவோம், பந்துலயே போடுவோம்" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன்.

அவர்களிடம் சொல்லவும் மாட்டேன். பந்தில் விழும் ஒவ்வொரு ஓட்டும் மண்கரைக்கு எதிராக விழும் ஓட்டு. உன்னிடம் சொல்லிவிட்டேன், அதோடு என் கடமை தீர்ந்தது. சுவரொட்டியைக் கிழித்துவிட்டுக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒன்று அடி. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

உன் மச்சானுக்கு இது எதுவும் தெரியாது. தினமும் தோணி தோணியாகப் போய், கரை வந்தால் என்ன ஆகும் என்று விளக்கிவிட்டு வருகிறார். நேற்று வந்து, "சனங்க நல்லாத்தான் கேக்குறாங்க ஸனிய்யா" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம். தட்டில் சோற்றை வைத்துவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

அக்கா


தல் ஹமாம்
1 டிசம்பர் 1995

அக்காவுக்கு,

முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். ஒட்டகம் முதலில், பந்து இரண்டாவது, குடை ஐந்தாவது. பாதிக்கு மேல் யாருக்கும் வராததால் அடுத்த புதன்கிழமை ஒட்டகத்துக்கும் பந்துக்கும் மறுபோட்டி. எனக்கு அதில் வேலை இல்லை. நான் ஐந்தாவது. எனக்கு முன்னால் உரக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் சின்னம் ஏணி.

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. குடை பிடித்துப் படம் எடுக்க வெட்கப்பட்டேன். என்னைத் தெரியாதவர் யார் இருக்கிறார் என்று நினைத்தேன். தெரிந்துதான் இருந்தது. வாக்குச்சாவடி வாசலில் நின்றிருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். வெளியே வந்து மை விரலைக் காட்டி, "போட்டாச்சு காப்டன், பந்துல குத்திட்டோம்" என்றார்கள். முதல் ஆளிடம் திருத்திச் சொன்னேன். அவர் சிரித்தார், நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். பத்தாவது ஆளிடம் சொல்லவில்லை. மத்தியானத்துக்கு மேல் யாராவது முதுகைத் தட்ட வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். அந்தக் கிழவரும் வந்தார், என் காலைத் தொட்டுப் பார்த்தாரே, அவர்தான். அவரும் பந்தில்தான் குத்தினாராம்.

என் வாழ்க்கையில் நான் இப்படி ஒரு சேம்சைடு கோல் அடித்ததில்லை.

மச்சானுக்கு வாழ்த்து சொல் என்று எழுத நினைக்கிறேன், கை வரவில்லை. எல்லாம் என் ஓட்டு அக்கா. என் முகத்துக்கும் என் காலுக்கும் விழுந்த ஓட்டு. அதை வைத்துக்கொண்டு அவர் மன்றத்துக்குப் போகட்டும். நான் நாளை மறுநாள் கெய்ரோவுக்குக் கிளம்புகிறேன். காப்பிக்கடைக்காரர் இப்போது குடையைப் பற்றிப் பேசுவதில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஸக்லூல்


உம்மு கஸப்
2 டிசம்பர் 1995

ஸக்லூல்,

கிளம்பாதே. இந்தக் கடிதத்தை இத்ரீஸ் மாமா உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை நிற்பார். நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் மச்சானுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. காப்பிக்கடையில் எவனோ சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான், காப்டனுக்குப் போட்டதெல்லாம் உனக்கு வந்துருச்சே, அதிர்ஷ்டக்காரன்யா நீ என்று. வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. மீன்பிடிக்காரர்கள் எல்லாம் வந்து பேசிப் பார்த்தார்கள். "திங்கக்கெழம போயி விலகிடப்போறேன்" என்கிறார், வேறு பேச்சே இல்லை. திருட்டு ஓட்டாம். அது அவர் கைக்கு ஹராமாம்.

நானும் எல்லா விதத்திலும் சொல்லிப் பார்த்தேன். அழுதேன், கத்தினேன், நீங்கள் விலகினால் ஷஹாவிக்குப் போட்டியே இல்லை, கரை வந்துவிடும், பிள்ளைகளை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதிலிருந்து என்னோடு பேசுவதும் இல்லை.

நீ ஒருவன் சொன்னால்தான் கேட்பார். ஓட்டு உன்னுடையது என்று நினைக்கிறாரே, அப்படியானால் கொடுக்கிறதும் நீதானே கொடுக்க வேண்டும். சத்தியம் இருக்கிறது, மறக்கவில்லை. ஷேக்கிடம் ஆள் விட்டுக் கேட்டேன். வாசப்படியை மிதிக்காதவரை ஒன்றும் ஆகாது என்றார். எங்கள் வீட்டுப் பின்பக்கம் நேரே தண்ணீர்தான், உனக்குத் தெரியும். இத்ரீஸ் மாமா தோணியில் வந்து சமையலறை ஜன்னலுக்குக் கீழே நில். தோணியை விட்டு இறங்காதே. உன் பழைய பெருமையை அந்தக் கரையிலேயே வைத்துவிட்டு வா.

எனக்கு நீங்கள் இரண்டு பேரும் வேண்டும். அவ்வளவுதான்.

அக்கா


தல் ஹமாம்
4 டிசம்பர் 1995

அக்கா,

நேற்று உன்னை ஜன்னலில் பார்த்ததோடு சரி, ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் வந்து தோணியில் குதித்து, இத்ரீஸ் மாமாவை இறக்கிவிட்டுத் துடுப்பை எடுத்துவிட்டார். அவர் என்னைத் தண்ணீரில் தள்ளிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நீயும் அதைத்தான் நினைத்திருப்பாய், உன் முகத்தைப் பார்த்தேன். அவர் உன்னிடம் என்ன சொன்னாரோ, நடந்ததை நான் எழுதுகிறேன்.

வடக்கே அந்த மண்கரை வரை போனோம். நான் அதை இதுவரை பார்த்ததில்லை, ஒலிபெருக்கியில் ஒரு தடவை பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கமும் அதே தண்ணீர், நடுவில் ஒரு லாரி நின்றது. அதன் ஓட்டுநர் என்னை அடையாளம் கண்டு கை ஆட்டினார். எனக்குத் திரும்ப ஆட்டத் தோன்றவில்லை.

அங்கே வைத்துத்தான் மன்னிப்புக் கேட்டேன். அது போகட்டும் என்று அவர் கையை உதறினார். விலகாதீர்கள் என்று கெஞ்சினேன், என் ஓட்டுத்தானே, நான் மனதாரக் கொடுக்கிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது.

"குடுக்க அது உன் சட்டப்பைக் காசு இல்ல ஸக்லூல், சனங்களோடது. அவங்க உனக்குன்னு போட்டத நான் எடுத்துக்கிட்டா, அவங்க ஏரிய ஷஹாவி எடுத்துக்கிட்டதுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்டேன். நான் தல் ஹமாம் சந்தையில் ஏறி நின்று, பந்து நான் இல்லை என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டுமாம். அதற்குப் பிறகும் பந்தில் போடுகிறவர்கள் போடட்டும், அதை வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். சொன்னால் ஓட்டுப் போய்விடும் மச்சான் என்றேன். "போனாப் போவுது" என்றார்.

அக்கா, அவர் என்ன கேட்கிறார் என்று உனக்குப் புரிகிறதா? முதலாவது, நாம் தோற்றுவிடலாம். பேசாமல் இருந்தாலே ஜெயிக்கிற தேர்தல் இது. இரண்டாவதை எழுத வெட்கமாக இருக்கிறது. பதினாறு வருஷம் கூட்டத்துக்கு முன்னால் போனாலே கைதட்டல்தான் கேட்டிருக்கிறேன். அந்தக் கூட்டத்திடம் போய், நீங்கள் போட்டது எனக்கு இல்லை, நான் ஐந்தாவதாக வந்தவன் என்று சொல்ல வேண்டும். மைதானத்தில் எலும்பு முறிந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

இன்றைக்குள் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஸக்லூல்


உம்மு கஸப்
5 டிசம்பர் 1995

தம்பி,

கேட்டேன். நேற்று காற்று இந்தப் பக்கம் அடித்தது, ஒரு சொல் விடாமல் கேட்டேன். துணி காயப்போட மாடிக்குப் போனவள் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"தல் ஹமாம் சனங்களே, பந்து நான் இல்ல. நான் குடை, நான் தோத்துட்டேன். பந்து எங்க அக்கா ஸனிய்யாவோட வீட்டுக்காரர் பஸ்யூனி. எனக்கு இந்த ஏரியப் பத்தி ஒண்ணும் தெரியாது, நேத்துதான் அந்தக் கரையப் பாத்தேன். அவருக்குத் தெரியும். என் முகத்துக்காகப் போட்டவங்க இந்தத் தடவ அவரு முகத்தப் பாத்துட்டுப் போடுங்க."

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒலிபெருக்கி உர்ரென்று இரைந்தது மட்டும் கேட்டது. நீ அங்கேயே நின்றுகொண்டிருந்தாய் என்று இத்ரீஸ் மாமா சொன்னார். அப்புறம் இரண்டாவது தடவையும் அதையே முதலிலிருந்து சொன்னாய்.

என் பெயரைச் சந்தையில் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டாயே, வெட்கம் கெட்டவனே. எந்த ஆண்பிள்ளை தன் அக்கா பெயரைக் கடைத்தெருவில் சொல்வான்? உம்மு ஃபவ்ஸி வாயில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. உன் மச்சான் உள்ளே வந்து உட்கார்ந்தார். சோறு போடு என்றார். பட்டினி கிடந்த மூன்று நாளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

நாளை என்ன ஆனாலும் சரி.

அக்கா


உம்மு கஸப்
8 டிசம்பர் 1995

ஸக்லூலுக்கு,

நேற்று முன்தினம் ராத்திரி பேசாமல் இருந்தேன், நேற்றும் பேசாமல் இருந்தேன். இன்று பேசுகிறேன். நாம் நூறுக்கும் குறைவான ஓட்டில் தோற்றோம். நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம். உம்மு ஃபவ்ஸி தன் வாயாலேயே சொல்கிறாள், காப்டன் இல்லையென்றால் ஒட்டகம் எவ்வளவோ தேவலை, அதற்குக் காலாவது இருக்கிறது என்று போட்டுவிட்டாளாம். அவளோடு இனி ரொட்டி சுடமாட்டேன்.

உங்கள் இரண்டு பேரையும் நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். நேர்மையாம். அவருக்குத்தான் புத்தி இல்லையென்றால் உனக்கு எங்கே போனது? காலையில் ஷஹாவி ஆட்கள் லாரியில் மண் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இங்கிருந்தே சத்தம் கேட்கிறது.

உன் மச்சான் என்னவோ ராத்திரி நன்றாகத் தூங்கினார். எழுந்ததும் ஷேக்கிடம் போய்த் தன் சத்தியத்துக்கு என்ன பரிகாரம் என்று கேட்டிருக்கிறார். உன்னை மிரட்டவும் என்னைத் தடுக்கவும்தான் சொன்னேன், பிரிய நினைத்துச் சொல்லவில்லை என்று சொன்னாராம். அப்படியானால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடு, சத்தியம் தீர்ந்துவிடும் என்றார் ஷேக். இந்தத் தீவில் ஏழையில்லாத பத்துப் பேரைத் தேடினால்தான் கஷ்டம். இன்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மீன் சோறு ஆக்கிப் போட்டேன், பதினெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். இத்ரீஸ் மாமா இரண்டு தடவை உட்கார்ந்தார்.

ஆகவே நீ இனிமேல் வாசப்படியை மிதிக்கலாம். கெய்ரோவில் உனக்குப் போக இடமில்லை என்று நீதானே எழுதினாய். உன் மச்சான் கரைமேல் வழக்குப் போடப் போகிறார். அதிகாரிகள் முன்னால் அவருக்குக் கால் நடுங்கும், பக்கத்தில் பேச ஒரு ஆள் வேண்டும். ஏரியைப் பற்றித் தெரியாது என்று ஊருக்கே சொன்னாய் அல்லவா, வந்து தெரிந்துகொள்.

சோறு மிச்சம் இருக்கிறது. சட்டென்று வா.

அக்கா


கெய்ரோ
23 ஜனவரி 2001

அன்பு அக்காவுக்கு,

நீ தொலைபேசியில் கத்தினால் பக்கத்து அறை மெம்பருக்கும் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன். என்னைத் திட்டாமல் கடைசிவரை படி.

இந்த ஐந்து வருஷத்தில் நானும் மச்சானும் ஏறாத அலுவலகப் படி கிடையாது. இந்த முழங்காலோடு நான் ஏறினேன், மேலே போனதும் அவர் பேச மறந்துவிடுவார். நான் பேசுவேன், தப்பாகச் சொன்னால் என் சட்டையை இழுப்பார். போன வருஷம் தேர்தல் வந்தபோது அவர் நிற்க மறுத்ததும், "இந்தத் தடவ நீ நில்லு, உனக்குத்தான் இப்ப ஏரி தெரியுமே" என்றதும் உனக்கு நினைவிருக்கும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நின்றேன். என்ன சின்னம் கிடைத்தது என்றுகூட ஊரில் யாரும் கேட்கவில்லை. சந்தையில் உண்மை சொன்ன ஆளுக்கு எங்கே குத்தணும் என்று கேட்டுக் குத்தினார்கள்.

இன்று மண்கரையைப் பற்றி முதல் தடவையாகக் கேள்வி கேட்க எழுந்தேன். அவைத் தலைவர் என் பெயரைச் சொன்னதும் மன்றம் முழுக்கக் கைதட்டல். ஒரு கிழட்டு மெம்பர் எழுந்து கஸப்ளாங்கா கோலை வர்ணிக்க ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர், கேள்வியை வலைக்குள் அடியுங்கள் காப்டன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அமைச்சரும் சிரித்தார். என் நேரம் முடிந்தது. நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது அக்கா, அதுதான் உண்மை. கொஞ்ச நேரம் மண்கரை மறந்துபோனது. அறுபது தோணியில் இப்போது ஒன்பதுதான் மிச்சம், அதை மறந்துவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலக் கூட்டத்தில் மறுபடி எழுந்தேன். மறுபடி கைதட்டினார்கள், மறுபடி கேலி. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. சந்தையில் நின்ற மாதிரி நின்றேன். ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். அப்போது கேட்டேன்: "அரசாங்க ஏரிய ஒருத்தர் கரை போட்டு அடைக்க யார் அனுமதி கொடுத்தது? கொடுக்கலன்னா, அஞ்சு வருஷமா அது ஏன் அங்க இருக்கு?"

அமைச்சர் தாளைப் புரட்டினார். பதில் தயாரில்லை, வரும் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார். திங்கட்கிழமையும் எழுந்து நிற்பேன். பதில் வரும்வரை நிற்பேன். மச்சானிடம் சொல்லிவிடு.

தம்பி
ஸக்லூல்


உம்மு கஸப்
14 மே 2001

தம்பி ஸக்லூலுக்கு,

நேற்று கரையை வெட்டினார்கள். அரசாங்க இயந்திரம் வந்தது, ஊரே போய் நின்றது. ஹாஜி ஷஹாவி குடையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றார், வெயிலுக்குத்தான். முதல் மண்ணை எடுத்ததும் ஒன்றும் ஆகவில்லை, இரண்டாவதற்கும் ஒன்றும் இல்லை. அப்புறம் கொஞ்சம் தண்ணீர் கசிந்து வந்தது, அப்புறம் மண்ணெல்லாம் தானாகவே சரிந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டோம். உம்மு ஃபவ்ஸி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவளை மன்னித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உன் மச்சான் எங்கே என்று தேடினால், அவர் ஏற்கெனவே தோணியில் இருக்கிறார். சுழித்துக்கொண்டு போகிற தண்ணீரில் அந்தப் பக்கம் போகிறேன் என்று நிற்கிறார். இயந்திர ஓட்டுநர்தான் பயந்துபோய் அவரைப் பிடித்து நிறுத்தினார். அந்த ஆள் அல்-மன்சூராக்காரர். தேநீர் குடிக்கும்போது பெருமையாகச் சொன்னார், உங்கள் மெம்பர் ஆடிய ஆட்டத்தை நான் மைதானத்திலேயே பார்த்திருக்கிறேன், அந்தக் காலத்தில் அவரைப் போலப் பந்து ஆட ஆளே கிடையாது என்று.

எங்கள் ஊர்ப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு அது தெரியவில்லை தம்பி. பிறந்து தவழ்ந்த பிள்ளைகள்தானே அப்போது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் உன் மச்சானோடு தோணியில் போய் வலை எங்கே விழுகிறது என்று கேட்கிற ஆள்தான், அவர்கள் அப்பாமாருக்காக அலுவலகத்தில் சண்டை போடுகிற ஆள்தான். ஒருவன் உன் மச்சானிடம், "நெசமா? நம்ம மெம்பர் பந்தெல்லாம் ஆடுவாரா?" என்று கேட்டான்.

உன் மச்சான் தேநீரை வைத்துவிட்டு, "ஆடியிருக்கலாம்டா. நான் பாத்ததில்ல. நான் பாத்தது அவன் நின்னதத்தான்" என்றார்.

உனக்கு இது கொஞ்சம் வலிக்கும் என்று தெரியும், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை வா. மீன் வர இன்னும் நாளாகும், இருப்பதைச் சாப்பிடலாம்.

அக்கா
ஸனிய்யா